கப்பல் பாரிஸில் நிற்காவிட்டால்: லெ பெக் துறையில் இறங்குபவர்களுக்கு

சென் நதிக் கப்பல் பயண விளம்பரங்களில் ஈபிள் கோபுரத்தின் கீழ் கப்பல் நிற்கும் படம்தான் பெரும்பாலும் இருக்கும். பயணத் திட்டத்திலும் முதல் நாள், கடைசி நாள் இரண்டுக்கும் 'பாரிஸ்' என்றே போட்டிருப்பார்கள். ஆனால் கப்பல் கட்டியிருக்கும் துறை சில நேரம் பாரிஸுக்கு மேற்கே உள்ள லெ பெக் என்ற ஊரில் இருக்கும். கரையோரம் மரங்கள், ஒரு பாலம், எதிரே ஒரு குன்று, அமைதியான குடியிருப்புகள். கோபுரத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

அந்த ஏமாற்றம் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு ரயில் பாதையையும் ஒரு குன்றையும் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். பாரிஸ் அரை மணி நேரத்தில் வந்துவிடும். நகரத்துக்குள் கப்பல் நின்றிருந்தால் நீங்கள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டாத ஓர் அரச நகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

கப்பல் ஏன் வெளியே நிற்கிறது

பாரிஸுக்குள் நீளமான பயணக் கப்பல்கள் இரவு தங்கக்கூடிய துறைகள் மிகக் குறைவு. சென் நதியில் ஓடும் பயணக் கப்பல்கள் பொதுவாக 110 முதல் 135 மீட்டர் வரை நீளம், பதினொன்றரை மீட்டர் அளவு அகலம். சுற்றுலாப் படகுகளும் சரக்குப் படகுகளும் ஓயாமல் ஓடும் நதியில் இப்படி ஒரு கப்பலை இரண்டு மூன்று இரவு கட்டி வைக்க இடம் கிடைப்பது சிரமம். நகருக்குள் பாலங்களும் அதிகம். நீர் ஏறிவிட்டால் அவற்றின் அடியில் நுழைய முடியாது. அதனால்தான் லெ பெக், கொன்ஃப்ளான் சான்த் ஓனோரின் போன்ற புறநகர்த் துறைகளுக்கு இத்தனை வேலை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பாரிஸ் மையத்திலிருந்து லெ பெக் சாலை வழியே இருபது கிலோமீட்டருக்குள்தான். நதி வழியே வந்தாலோ சுமார் ஐம்பது கிலோமீட்டர். பாரிஸைத் தாண்டியதும் சென் அவ்வளவு பெரிய வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. இடையில் நீர்மட்டத்தை இறக்கி ஏற்றும் லாக்குகள் வேறு. 'கப்பலிலேயே பாரிஸுக்குள் போய் வந்துவிடலாமே' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அதற்கே அரை நாளுக்கு மேல் ஆகிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்

முகவரிடமோ நிறுவனத்திடமோ நேராகக் கேளுங்கள்: பாரிஸில் எந்தத் துறை? பெயரை எழுத்தில் வாங்குங்கள். கிரெனெல் என்றால் ஈபிள் கோபுரத்துக்குப் பக்கத்தில். லெ பெக் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. கொன்ஃப்ளான் என்றால் இன்னும் தள்ளி, சென்னும் வாஸ் நதியும் கூடும் இடம். அதற்கு, பாரிஸையும் புறநகர்களையும் இணைக்கும் ஆர்.இ.ஆர். ரயில்களில் ஏ பாதையின் வேறொரு கிளையில் வர வேண்டும்.

பழைய பயண அனுபவங்களைப் படித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். வைக்கிங் நிறுவனத்தின் கப்பல்கள் முன்பு லெ பெக்கில்தான் நின்றன. பிறகு அந்த நிறுவனம் 125 மீட்டர் நீளத்தில் சென்னுக்கென்றே நான்கு கப்பல்கள் கட்டி, கிரெனெல் துறையில் இடம் பிடித்தது. மற்ற நிறுவனங்களும் இப்படி மாறிக்கொண்டே இருக்கும். ஒரே கப்பல் போகும்போது ஒரு துறையிலும் திரும்பும்போது வேறு துறையிலும் நிற்பதுண்டு. ஆகவே இரண்டு நாளுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: லெ பெக்கில் நிற்கும்போது நகருக்குள் இலவசப் பேருந்து உண்டா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எங்கே இறக்கிவிடும்? பெரும்பாலான நிறுவனங்கள் ஏதாவது ஏற்பாடு வைத்திருக்கும். ஆனால் காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரே பேருந்து என்றால் இரவு நேரப் பாரிஸ் கிடைக்காது. அப்போது ரயில்தான்.

மூன்றாவது, சாப்பாடு. சைவம் என்றால் ஏறிய பிறகு சொல்லாதீர்கள், பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். முட்டை, மீன், இறைச்சி வேக வைத்த நீர் எதுவும் கூடாது என்று விவரமாக எழுத வேண்டும். அங்கே சிலருக்கு மீன் சைவத்தில் சேர்த்தி.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும், ஆனால் கோடையில் அந்தக் கடைசி நாளை நம்பி இருக்க வேண்டாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்றாகக் கப்பல் பதிவுக் கடிதத்தையே இணைக்கலாம். அதில் எல்லா இரவும் தேதி வாரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கப்பலேறும் முன்னும் இறங்கிய பின்னும் தங்கும் ஓட்டல் இரவுகளை மறந்துவிடுவது சகஜம்.

விமான நிலையத்திலிருந்து துறைக்கு

பெட்டி படுக்கையோடு முதல் நாள் வருகிறீர்கள் என்றால் நிறுவனத்தின் வண்டியையோ டாக்சியையோ எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் நடுவில் உள்ள ஷாத்லே நிலையத்தில் பெட்டியை இழுத்துக்கொண்டு ரயில் மாறுவது, நீண்ட விமானப் பயணம் முடித்த உடம்புக்கு நல்லதல்ல.

ரயில்தான் என்று முடிவு செய்தால் வழி சுலபம். சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயிலில் ஷாத்லே லே ஆல் வந்து, அங்கே ஆர்.இ.ஆர். ஏ ரயிலுக்கு மாறுங்கள். ஓர்லி விமான நிலையம் என்றால், 2024 ஜூன் முதல் மெட்ரோ 14 அங்கிருந்தே ஓடுகிறது. அதில் கார் தெ லியோன் அல்லது ஷாத்லே வந்து மாறலாம். விமான நிலையத்துக்கு மட்டும் தனிச் சீட்டு. 2025இல் அதன் விலை 13 யூரோ.

டாக்சிக்காரரிடம் 'லெ பெக்' என்று மட்டும் சொல்லாதீர்கள். நதியின் இரு பக்கமும் அந்த ஊர்தான். கரையையும் தெருப் பெயரையும் கப்பல் நிறுவனம் அனுப்பிய தாளில் இருந்து காட்டுங்கள். அங்கே பெரிய துறைமுகக் கட்டடமெல்லாம் தேட வேண்டாம். கரைச் சுவர், இறங்கும் வழி, கப்பல், அவ்வளவுதான்.

ரயிலைக் கற்றுக்கொள்வது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். லெ பெக்கில் கப்பல் நிற்கும் பயணம் உங்களுக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

நிலையத்தின் பெயர் லெ வெசினே – லெ பெக். பக்கத்து ஊரையும் சேர்த்து இரட்டைப் பெயர். பாலத்துப் பக்கமிருந்து கால் மணி முதல் இருபது நிமிட நடை. முதல் தடவை பகல் வெளிச்சத்தில் நடந்து வழியைப் பழகிக்கொள்ளுங்கள். இரவு திரும்பும்போது தடுமாற வேண்டியிருக்காது.

முதலில் நவிகோ ஈசி என்ற அட்டை வாங்குங்கள். 2025இல் விலை 2 யூரோ. ஆளுக்கு ஒன்று வேண்டும், ஒரே அட்டையைத் தட்டி இரண்டு பேர் நுழைய முடியாது. ரயில், மெட்ரோ, ஆர்.இ.ஆர். மூன்றுக்கும் பொதுவான சீட்டை அதில் ஏற்றிக்கொள்ளலாம். 2025 ஜனவரி 1 முதல் இல் தெ பிரான்ஸ் மாநிலம் முழுக்க இந்தச் சீட்டுக்கு ஒரே விலை. அந்த ஆண்டில் அது 2.50 யூரோ, வருடா வருடம் சில சென்ட் ஏறும். அதற்கு முன் தூரத்துக்கு ஏற்ப விலை மாறும், பாரிஸ் மெட்ரோ சீட்டோடு லெ பெக் வந்தால் அபராதம். பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் 'லெ பெக்குக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும்' என்று பார்த்தால் அது அந்தக் காலத்துச் செய்தி.

பேருந்து, டிராம் சீட்டு வேறு. ரயில் சீட்டில் பேருந்து ஏற முடியாது. ஒரே நாளில் ஐந்தாறு தடவை ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால் நாள் சீட்டு வாங்கிவிடுங்கள், 2025இல் அது 12 யூரோ. அதில் பேருந்தும் அடக்கம், விமான நிலையம் மட்டும் சேராது. வெளியே வரும்போதும் ஆர்.இ.ஆர். வாயிலில் அட்டையைத் தட்ட வேண்டியிருக்கும், ஆகவே உள்ளே வந்ததும் பைக்குள் ஆழமாகப் போட்டுவிடாதீர்கள்.

பாரிஸ் நோக்கிப் போகும்போது குழப்பம் இல்லை. எந்த ரயில் வந்தாலும் நகரத்துக்குத்தான் போகும். அலுவலகக் கோபுரங்கள் நிறைந்த லா தெஃபான்ஸ் தாண்டி, சுமார் இருபத்தைந்து நிமிடத்தில் சார்ல் தெ கோல் எத்துவால். வெற்றி வளைவுக்கு அங்கே இறங்க வேண்டும். அடுத்தது ஒபேர், ஓப்பரா மாளிகைக்கும் பெரிய அங்காடிகளுக்கும். அதற்கடுத்து ஷாத்லே லே ஆல். லூவ்ருக்கும் நோத்ர் தாமுக்கும் அங்கிருந்து நடந்துவிடலாம். எத்துவால் நிலையத்துக்கும் விமான நிலையத்துக்கும் ஒரே தலைவரின் பெயர். பெயர்ப் பலகையை அரைகுறையாகப் பார்த்துவிட்டு விமான நிலையம் வந்துவிட்டது என்று இறங்கிவிடாதீர்கள்.

திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். ஆர்.இ.ஆர். ஏ மேற்கே மூன்று கிளையாகப் பிரிகிறது. ஒன்று செர்ஜி பக்கம், ஒன்று புவாசி பக்கம், மூன்றாவது சான் ஜெர்மான் ஆன் லே. உங்களுடையது மூன்றாவது. நடைமேடையில் தொங்கும் பலகையில், ரயில் நிற்கும் ஊர்களின் பெயர்ப் பக்கத்தில் விளக்கு எரியும். 'லெ வெசினே – லெ பெக்' பக்கத்தில் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். எல்லா ரயிலும் கடைசிவரை போவதில்லை, சில ரயில்கள் பாதியிலேயே நின்றுவிடும். தப்பான கிளையில் ஏறிவிட்டால் பதற வேண்டாம். நான்தேர் ப்ரெஃபெக்துயூரில்தான் கிளைகள் பிரிகின்றன. அதற்குள் தெரிந்தால் இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருங்கள். நள்ளிரவு தாண்டியும் ரயில் உண்டு.

கோடையில், குறிப்பாக ஆகஸ்டில், பராமரிப்புக்காகப் பாதையின் சில பகுதிகளை மூடுவார்கள். வேலைநிறுத்த நாட்களும் வரும். காலையில் கப்பல் வரவேற்பு மேசையில் 'இன்று ஏ ரயில் சரியாக ஓடுகிறதா?' என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

இந்தப் பாதைக்கு ஒரு பெருமை உண்டு. பாரிஸிலிருந்து பயணிகளுக்காகப் போட்ட முதல் ரயில் பாதை இதுதான். 1837 ஆகஸ்டில் திறந்தபோது அது லெ பெக்கோடு நின்றுவிட்டது. எதிர்க் குன்றின் மேல் இருக்கும் சான் ஜெர்மான் வரை ஏற அன்றைய நீராவி எஞ்சினுக்குச் சக்தி போதவில்லை. பத்து வருடம் கழித்து, 1847இல், குழாயில் காற்றை உறிஞ்சி அந்த அழுத்தத்தால் பெட்டிகளை மேலே இழுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1860இல் வலுவான எஞ்சின்கள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள். இன்று அந்த ஏற்றத்தை ஆர்.இ.ஆர். சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது.

குன்றின் மேல்

பாரிஸுக்கு எதிர்த் திசையில் ஒரே ஒரு நிலையம், அதுவே கடைசி: சான் ஜெர்மான் ஆன் லே. பாரிஸுக்குள் இருக்கும் சான் ஜெர்மான் தெ ப்ரே வேறு, இது வேறு. கப்பல்காரர்கள் லெ பெக்கில் நிற்கும் ஒவ்வொருவரையும் முதலில் இங்கே அனுப்ப வேண்டும் என்பேன். பலர் அப்படி ஓர் ஊர் தலைக்கு மேலே இருப்பதே தெரியாமல் வெர்சாய் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள்.

நிலையத்திலிருந்து மேலே ஏறி வந்தால் எதிரிலேயே கோட்டை அரண்மனை. முதலாம் பிரான்சுவா 16ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டியது. உள்ளே இருக்கும் சிற்றாலயம் அதைவிடப் பழையது. ஒன்பதாம் லூயி காலத்தில், பாரிஸின் புகழ்பெற்ற சான்த் ஷப்பேலுக்கு முன்பே எழும்பியது. பதினான்காம் லூயி 1638 செப்டம்பர் 5 அன்று இந்த ஊரில்தான் பிறந்தார், பக்கத்திலிருந்த புது அரண்மனையில். வெர்சாய்க்குக் குடிபோகும் முன் அவருடைய முக்கிய இருப்பிடம் இதுதான். இங்கிலாந்தில் அரியணை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் இங்கே அடைக்கலம் புகுந்து 1701இல் இங்கேயே இறந்தார்.

இப்போது அரண்மனைக்குள் இருப்பது தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். மூன்றாம் நெப்போலியன் நிறுவியது. ஒரே ஒரு பொருளைப் பார்க்க நேரமிருந்தால் பிராசம்பூயி பெண்ணின் முகத்தைப் பாருங்கள். மாமூத் என்ற அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில், கட்டைவிரலில் பாதி அளவே உள்ள முகம். வயது இருபதாயிரம் ஆண்டுக்கு மேல். செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும். லூவ்ரும் செவ்வாய் விடுமுறை, வெர்சாய் அரண்மனைக்கும் ஓர்சே அருங்காட்சியகத்துக்கும் திங்கள். கப்பல் எந்தக் கிழமையில் நிற்கிறது என்று பார்த்து வரிசை போடுங்கள்.

அரண்மனைக்குப் பின்னால் பூங்கா, அதன் ஓரத்தில் ஒரு நீண்ட மேடை. வெர்சாய்த் தோட்டங்களை அமைத்த ஆந்த்ரே லெ நோத்ரின் கை இது. சுமார் இரண்டு கிலோமீட்டர் ஒரே நேர்கோட்டில் குன்றின் விளிம்பை ஒட்டிப் போகிறது. கீழே சென் வளைகிறது, லெ பெக்கின் கூரைகள் தெரிகின்றன, தூரத்தில் லா தெஃபான்ஸ் கோபுரங்கள், வானம் தெளிந்த நாளில் ஈபிளும் கண்ணில் படும். காசு கொடுக்காமல் பாரிஸை இவ்வளவு அகலமாகப் பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. காலை வெயிலில் எதிரே சூரியன் இருக்கும். மாலை போனால் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும், படம் நன்றாக வரும்.

மேடையின் ஒரு முனையில் பவியோன் ஆன்றி கத்ர் (நான்காம் ஆன்றி மாளிகை) என்ற ஓட்டல். பதினான்காம் லூயி பிறந்த புது அரண்மனையில் மிஞ்சிய பகுதி. உருளைக்கிழங்குத் துண்டு பூரி மாதிரி உப்பி வரும் 'பொம் சூஃப்லே' இங்கே பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். 1837இல் ரயில் திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் தாமதமானதால், பாதி பொரித்து எடுத்து வைத்ததை மறுபடி எண்ணெயில் போட, அது உப்பியதாம். உண்மையோ இல்லையோ, ஊர்க்காரர்கள் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஏறுவதற்கு ரயில், இறங்குவதற்குக் கால், இதுதான் என் யோசனை. மேலிருந்து லெ பெக்கின் பழைய தெருக்கள் வழியே படிகளும் சரிவுமாகப் பாலம் வரை இறங்கலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டுக்கும் ரயிலையே வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை என்றால் ஊரின் சந்தையைத் தவற விடாதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ஜூர்' சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

மற்ற நேரத்துக்கு

ஓவியத்தில் விருப்பம் இருந்தால் பாரிஸ் போகும் வழியில் ஷாத்து – க்ருவாசியில் இறங்கி நதித் தீவுக்கு நடங்கள். அங்கே மேசோன் ஃபூர்னேஸ் என்ற பழைய உணவகத்தின் மாடத்தில்தான் ரெனுவார், படகோட்டிகள் கூடிச் சாப்பிடும் தன் பெரிய ஓவியத்தை 1880இல் தொடங்கினார். வெர்சாய், நெப்போலியனின் மனைவி ஜோசஃபீன் வாழ்ந்த மால்மேசோன் இரண்டும் ஈபிள் பக்கத்தை விட லெ பெக்கிலிருந்து கிட்ட. கப்பல் நிறுவனச் சுற்றுலாவில் போனால் பேருந்தில் உட்காரும் நேரம் குறையும்.

நாலைந்து நாள் ரொட்டியும் சீஸும் சாப்பிட்ட பிறகு நாக்கு நம் ஊர்ச் சாப்பாட்டைத் தேடும். ஷாத்லேயில் ஆர்.இ.ஆர். பி அல்லது டி ரயிலுக்கு மாறி ஒரே நிலையம் போனால் கார் து நோர். அங்கிருந்து நடந்தால் லா ஷப்பேல், ஈழத் தமிழர்கள் 1980களிலிருந்து கடை கடையாக உருவாக்கிய பகுதி. தோசை, கொத்து ரொட்டி, வாழைப்பூ வரை கிடைக்கும். 1985இல் தொடங்கிய ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயமும் அந்தப் பக்கம்தான். கோடை முடிவில் அதன் தேர்த் திருவிழாவோடு உங்கள் தேதி ஒத்து வந்தால் பாரிஸ் தெருவில் தேங்காய் மலைமலையாக உடைவதைப் பார்க்கலாம்.

கப்பலை விட்டு இறங்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு வேலை. வரவேற்பு மேசையில் வெளியே போவதைப் பதிவு செய்யுங்கள். கப்பலின் தொலைபேசி எண்ணும் துறை முகவரியும் உள்ள அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். இடம் இல்லாதபோது இரண்டு கப்பலை ஒட்டி ஒட்டிக் கட்டுவார்கள். நீங்கள் திரும்பும்போது கரையில் வேறொரு கப்பல் நின்றால் பயப்படாதீர்கள், அதற்குள் நுழைந்து கடந்துதான் உங்கள் கப்பலுக்குப் போக வேண்டியிருக்கும். அந்த இரவு ஜன்னலுக்கு வெளியே நதிக்குப் பதில் இன்னொருவர் கேபின் இருக்கும். திரையை இழுத்து விடுங்கள்.

நீர் ஏறினால்

பாரிஸ் துறைக்குப் பதிவு செய்தவர்களும் லெ பெக்கைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியது இதற்காகத்தான். பாரிஸில் நீர்மட்டத்தை ஓஸ்தெர்லிட்ஸ் பாலத்தில் அளக்கிறார்கள். அங்கே 4.30 மீட்டர் ஏறினால் நகருக்குள் கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். 2016 ஜூனில் 6.10 மீட்டர், 2018 ஜனவரியில் 5.85 மீட்டர் வரை ஏறியது. 1910 பெருவெள்ளத்தில் 8.62. பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாத கப்பல்கள் கீழே உள்ள துறைகளில் நின்று பயணிகளைப் பேருந்தில் அழைத்துப் போகும். 2016இல் நடந்தது ஜூன் மாதம் என்பதைக் கவனியுங்கள், குளிர்காலத்தில் மட்டும்தான் வெள்ளம் வரும் என்று இருந்துவிட முடியாது.

விஜிக்ரூ என்ற அரசுத் தளத்தில் அன்றாட அளவு கிடைக்கும். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து பாருங்கள். ஏறுமுகமாக இருந்தால் நிறுவனத்துக்கு எழுதி, துறை மாறுமா என்று கேளுங்கள். மாறினால் நீங்கள் தனியாக முன்பதிவு செய்த லூவ்ர் நுழைவு நேரத்தையும் இரவு உணவு மேசையையும் அதற்கேற்பத் தள்ளிப் போட வேண்டியிருக்கும்.

கடைசிக் காலை

லெ பெக்கில் பயணம் முடிகிறது என்றால் முந்தின இரவே வண்டியை உறுதி செய்யுங்கள். விடிகாலையில் கரையோரம் டாக்சி தானாக வந்து நிற்காது. சார்ல் தெ கோல் விமான நிலையம் பாரிஸின் வடகிழக்கில், நீங்கள் மேற்கில். காலை நெரிசலில் நகரைச் சுற்றும் சாலை நகரவே நகராது. சாதாரணமாக ஆகும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். மதிய விமானமா, பெட்டியும் சிறியதா, அப்படியானால் ரயிலே நம்பகமானது. விமான நிலையச் சீட்டைக் காலியான தனி நவிகோ அட்டையில் முதல் நாளே ஏற்றிவிடுங்கள். காலையில் இயந்திரத்தின் முன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.